அப்பச்சிக்கு ஆன்டிபாடி அதிகம், ஆக்சிஜன் வைத்ததும் அவருக்குத்தான்: ஏன்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். அப்பச்சியும் ஆத்தாவும் (செட்டிநாட்டில் அப்பா, அம்மா) காரைக்குடியில், பெரிய வீட்டில் இரண்டே பேர். 2021 மே மாதம் இருவருக்கும் ஒரே வாரத்தில் கொரோனா. அப்பச்சிக்கு அப்போது 68 வயது, சுகர் உண்டு. ஒன்பதாம் நாள் மூச்சுத்திணறல் வந்து ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து மீட்டார்கள். ஆத்தாவுக்கு மூன்று நாள் காய்ச்சல், உடம்பு வலி, அதோடு சரி. இருவரும் அதுவரை ஊசி போட்டுக்கொள்ளவில்லை. ஜூலையில் ஒரு லேபில் ஆன்டிபாடி பார்த்ததில் அப்பச்சிக்கு 250-க்கு மேல், ஆத்தாவுக்கு 38. இப்போது பழைய ஃபைலைப் புரட்டியவர் கேட்கிறார்: எதிர்ப்புச் சக்தி கூடுதலாக இருந்தவருக்கு ஏன் நோய் முற்றியது? இந்த எண்ணை வைத்து, அடுத்த சளிக்காய்ச்சலில் யாருக்கு முற்றும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? மறுபடி டெஸ்ட் எடுக்கலாமா?

நான் நுண்ணுயிரியல் படித்தவன். இந்த மாதிரி ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவதுதான் என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அந்த 250 நோய்க்கு முன்னால் இருந்த சக்தி இல்லை, நோய் வந்துபோனதற்கான தடயம். முதல் கேள்விக்கு அதுதான் பதில். கடைசிக் கேள்விக்குப் பதில், வேண்டாம். நடுக் கேள்விதான் சுவாரசியமானது. ஆன்டிபாடியை வைத்து நோயின் தீவிரத்தை ஓரளவு முன்கூட்டிச் சொல்ல முடியும். ஆனால் அதற்குப் பார்க்க வேண்டிய விஷயங்கள் வேறு, அவற்றில் ஒன்றுகூட உங்கள் கையில் இருக்கும் தாளில் கிடையாது.

முதலில் அந்தத் தாளைப் பார்ப்போம். ஓரத்தில் "0.80-க்குக் கீழ் நெகட்டிவ்" என்று அச்சடித்திருந்தால் அது ரோஷ் கம்பெனிக் கருவியில் செய்த ஸ்பைக் ஆன்டிபாடி டெஸ்ட். ஸ்பைக் என்பது வைரஸின் மேல் முள்போல் நிற்கும் புரதம். அந்தக் கருவி சீரத்தை, அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை, நீர்க்கச் செய்யாமல் நேராக அளந்தால் 250 வரைதான் காட்டும். அதைத் தாண்டினால் "250-க்கு மேல்" என்று எழுதிவிட்டு நின்றுவிடும். பத்து மடங்கோ அதற்கு மேலோ நீர்த்து மறுபடி ஓட்டினால்தான் உண்மை எண் தெரியும். பல லேப்கள் அதைச் செய்யவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஆகவே அப்பச்சியின் உண்மை அளவு 260 ஆகவும் இருந்திருக்கலாம், 6,000 ஆகவும் இருந்திருக்கலாம். இன்னொரு கம்பெனியான அபாட்டின் கருவியில் கணக்கே வேறு. அங்கே 50-தான் எல்லைக்கோடு, சாதாரணமாகவே ஆயிரக்கணக்கில் எண் வரும். அதை உலக சுகாதார நிறுவனத்தின் பொது அலகுக்கு மாற்ற 0.142-ஆல் பெருக்க வேண்டும். அந்த வருஷம் கோட்டையூர்க்காரருக்கு 4,000, எனக்கு வெறும் 250 என்று கவலைப்பட்டு வந்தவர்கள் ஏராளம். இருவரும் வேறு வேறு கருவியில் பார்த்திருப்பார்கள். 4,000-ஐ மாற்றினால் சுமார் 570, 250-க்கு மேல் என்பதோ எங்கே நிற்கிறது என்றே தெரியாது. இதில் யார் முன்னால், யார் பின்னால்?

சரி, நோய் முற்றியவருக்கு ஏன் கூடுதல்? வைரஸ் நுரையீரல் வரை இறங்கி, பல நாள் பெருகி, ஏராளமான புரதத்தைக் கொட்டிவிட்டுப் போகிறது. ஆன்டிபாடி தயாரிப்பவை நிணநீர்க் கணுக்களில் இருக்கும் பி செல்கள். அவை அந்தப் புரதத்தைப் பார்த்துத்தான் வேலையை ஆரம்பிக்கின்றன. பார்க்கக் கிடைப்பது எவ்வளவு அதிகமோ, எத்தனை நாள் கிடைக்கிறதோ, அவ்வளவுக்கு ஆன்டிபாடி ஊறும். மூக்கு தொண்டையோடு வைரஸை மடக்கிவிட்ட ஆத்தாவின் உடம்புக்கு அவ்வளவு ஊற வேண்டிய அவசியமே வரவில்லை. கொரோனாவில் இதை உலகம் முழுக்கப் பார்த்தார்கள்: குணமான பிறகு அளந்தால், ஐசியு போனவர்களின் சராசரி மேலே, வீட்டிலேயே படுத்து எழுந்தவர்களின் சராசரி கீழே.

கல்யாண வீட்டுக் கொல்லையில் குவிந்த எச்சில் இலைகளை எண்ணினால் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று தெரியும். முதல் பந்தி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, அதற்குள் எத்தனை பேர் பசியோடு கோபித்துக்கொண்டு கிளம்பினார்கள் என்பது தெரியாது. நோய் முற்றுமா என்பதைத் தீர்மானிப்பது அந்த இரண்டாவது கணக்கு.

அதாவது நேரம். கொரோனாவில் அறிகுறி தொடங்கி ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலோர் இரத்தத்தில் ஆன்டிபாடி தலைகாட்டிவிடும். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் இதை நாள்வாரியாகத் தொடர்ந்து பார்த்து 2021-இல் வெளியிட்டார்கள். வைரஸைச் செயலிழக்கச் செய்யும் ஆன்டிபாடி 14 நாளுக்குள் வந்தவர்கள் மீண்டார்கள். இறந்தவர்களிடமும் ஆன்டிபாடி வந்தது, சிலரிடம் அளவில் குறைவும் இல்லை. ஆனால் தாமதமாக வந்தது. அதற்குள் நுரையீரல் போய்விட்டது.

இதையே இன்னும் பெரிய அளவில் காட்டியது பிரிட்டனின் ரெகவரி ஆய்வு. ஆஸ்பத்திரியில் சேரும்போதே பெரும்பாலோருக்கு ஆன்டிபாடி பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில், சேரும்போது ஆன்டிபாடி இருந்தவர்களில் 28 நாளில் இறந்தது 15 சதவீதம். இல்லாதவர்களில் 30 சதவீதம். சரியாக இரண்டு மடங்கு. ஆன்டிபாடி இல்லாதவர்களுக்கு லேபில் தயாரித்த இரட்டை ஆன்டிபாடி மருந்தை ஏற்றியபோது 30 என்பது 24 ஆனது. ஏற்கெனவே இருந்தவர்களுக்கு ஏற்றியதில் பலன் இல்லை.

இங்கே ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். சேரும் நாளில் ஆன்டிபாடி இல்லை என்றால் ஆபத்து. இரண்டு மாதம் கழித்து ஆன்டிபாடி மிக அதிகம் என்றால் ஆபத்து வந்துபோயிருக்கிறது. ஒரே டெஸ்ட்தான், தேதி மாறினால் அர்த்தம் தலைகீழ். உங்கள் அப்பச்சிக்கு மே மாதம் காய்ச்சல் வந்த ஐந்தாம் நாளில் இரத்தம் எடுத்துப் பார்த்திருந்தால் அந்த 250 பெரும்பாலும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்திருக்கும். எடுத்துப் பார்க்கவில்லை, எடுக்கச் சொல்லவும் மாட்டார்கள். அதனால் ஜூலை ரிப்போர்ட்டை மே மாதத்துக் கேள்விக்குப் பதிலாக வாசிக்கக் கூடாது.

நேரத்தைக் கவனிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பிளாஸ்மா கதை நம் கண் முன்னால் நடந்தது. குணமானவரின் பிளாஸ்மாவுக்காக, அதாவது ஆன்டிபாடி கலந்த இரத்த நீருக்காக, 2020-இலும் 2021-இலும் வாட்ஸ்அப் குரூப்புகளில் எவ்வளவு அலைச்சல்! இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 39 ஆஸ்பத்திரிகளில் 464 நோயாளிகளை வைத்து முறையாகச் சோதித்து, 2020 அக்டோபரிலேயே முடிவை வெளியிட்டுவிட்டது: நோய் முற்றுவதையோ மரணத்தையோ அது குறைக்கவில்லை. ஏன்? பிளாஸ்மா ஏறும் நேரத்தில் பெரும்பாலான நோயாளிகளிடம் சொந்த ஆன்டிபாடியே வந்துவிட்டிருந்தது. தானம் கொடுத்தவர்களின் பிளாஸ்மாவிலும் பலவற்றில் சரக்கு குறைவு. இருந்தும் 2021 மே வரை அது சிகிச்சைப் பட்டியலில் இருந்தது. ஓர் ஆய்வை நாமே நடத்தி, நாமே அச்சிட்டு, அதை நாமே ஏழு மாதம் கண்டுகொள்ளாமல் இருந்தோம் என்பது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான்.

நேரத்துக்கு அடுத்தது, ஆன்டிபாடி வைரஸின் எந்தப் பாகத்தின் மேல் ஒட்டுகிறது என்பது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக்கின் மேல் ஒட்டினால் வைரஸ் செல்லுக்குள் நுழைவதைத் தடுக்கலாம். உள்ளே இருக்கும் நியூக்ளியோகேப்சிட் என்ற புரதத்தின் மேல் ஒட்டுவதால் அந்தப் பயன் இல்லை. 2020-இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், பிழைத்தவர்களின் ஆரம்பகட்ட ஆன்டிபாடி ஸ்பைக் பக்கம் சாய்ந்திருந்தது, இறந்தவர்களுடையது நியூக்ளியோகேப்சிட் பக்கம் சாய்ந்திருந்தது. வைரஸ் நிறையப் பெருகி, செல்கள் உடைந்து, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே கொட்டினால் இப்படித்தான் ஆகும் என்று எனக்குப் படுகிறது. அப்படியானால் இதுவும் பாதி தடயம்தான். நம் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. கோவிஷீல்டு போட்டவருக்கு ஸ்பைக் ஆன்டிபாடி மட்டும் வரும். கோவேக்சின் முழு வைரஸைக் கொன்று செய்தது என்பதால் அதைப் போட்டவருக்கு இரண்டும் வரலாம். எந்த ஊசி என்று கேட்காமல் நியூக்ளியோகேப்சிட் ரிப்போர்ட்டுக்கு விளக்கம் சொல்பவரை நம்பாதீர்கள்.

மூன்றாவது, தரம். அளவு நிறைய, தரம் மோசம் என்றால் ஆன்டிபாடி உபகாரத்துக்குப் பதில் உபத்திரவம் செய்யும். கொரோனாவுக்கு வெகு காலம் முன்பே மருத்துவம் இதைக் கசப்பாகக் கற்றுக்கொண்டது. ஆர்எஸ்வி என்று ஒரு வைரஸ், கைக்குழந்தைகளுக்கு மூச்சிரைப்பு கொடுப்பது. 1960-களில் அமெரிக்காவில் அந்த வைரஸை ஃபார்மலினில் கொன்று ஊசியாகக் குழந்தைகளுக்குப் போட்டார்கள். ஆன்டிபாடி நன்றாகவே வந்தது. ஆனால் அடுத்து உண்மையான வைரஸ் வந்தபோது, அந்த ஊசி போட்டுப் பின்னர் தொற்று ஏற்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 80 பேர் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தது. போடாத குழந்தைகளில் அது 5 சதவீதம்தான். இரண்டு குழந்தைகள் இறந்தன. வந்த ஆன்டிபாடி வைரஸில் ஒட்டியது, ஆனால் அதை முடக்கவில்லை. ஒட்டிய கும்பலாக நுரையீரலில் படிந்து அழற்சியைக் கிளப்பியது. அந்தப் பயம் நீங்கி, வைரஸின் புரதம் செல்லோடு இணைவதற்கு முன் எந்த வடிவில் இருக்கிறது என்பதை 2013-இல் கண்டுபிடித்து, அதற்கேற்ற தடுப்பூசி 2023-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

2009 பன்றிக்காய்ச்சலும் இதையே வேறு விதமாகக் காட்டியது. சாதாரண ஃப்ளூ முதியவர்களைத்தான் அதிகம் கொல்லும். அந்த வருஷம் முதியவர்கள் பலர் தப்பித்தார்கள், நடுவயதுக்காரர்கள் மாட்டிக்கொண்டார்கள். 1957-க்கு முன் பிறந்தவர்கள் சிறு வயதில் அந்த வைரஸின் தூரத்துச் சொந்தத்தைப் பார்த்திருந்தார்கள், அந்த ஆன்டிபாடி 2009-இல் கைகொடுத்தது. நடுவயதுக்காரர்களிடமும் பழைய ஃப்ளூக்களால் வந்த ஆன்டிபாடி இருந்தது. ஆனால் அது புது வைரஸில் தளர்வாக ஒட்டும் ரகம், முடக்கும் ரகம் இல்லை. இறந்தவர்களின் நுரையீரலில் அந்த ஆன்டிபாடியும் வைரஸும் பின்னிய கும்பல்கள் படிந்திருந்ததை 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. டெங்குவில் இரண்டாம் முறை மோசமாக வரும் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும், அதிலும் பழைய ஆன்டிபாடிக்குப் பங்கு உண்டு. அந்தப் பயத்தைக் கொரோனாவுக்கும் ஊசிக்கும் நீட்டித்தவர்கள் இருந்தார்கள். கோடிக்கணக்கானோர் ஊசி போட்டபின் அப்படி எதுவும் தென்படவில்லை. கொரோனாவில் தெரிந்தது இன்னும் நுட்பமான ஒன்று. ஆன்டிபாடியின் தண்டுப் பகுதியில் ஃப்யூகோஸ் என்ற சர்க்கரைத் துணுக்கு குறைவாக இருந்தால், அது கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களை அளவுக்கு மீறிச் சீண்டும். நோய் முற்றியவர்களிடம் அந்த ரகம் கூடுதலாக இருந்தது. அளவு டெஸ்ட்டில் இரண்டு ரகமும் ஒன்றுதான், 250 என்றால் 250.

இனி, என்னைக் கேட்டால் இந்த விஷயத்தில் மிக முக்கியமான கண்டுபிடிப்பு. இது வைரஸுக்கு எதிரான ஆன்டிபாடி பற்றியதே இல்லை. நம் உடம்புக்கே எதிரான ஆன்டிபாடி பற்றியது.

வைரஸ் நுழைந்த சில மணி நேரத்திலேயே தாக்கப்பட்ட செல்கள் இன்டர்ஃபெரான் என்ற பொருளைச் சுரந்து அக்கம்பக்கத்துச் செல்களை எச்சரிக்கின்றன. ஆன்டிபாடி வரப் பத்து நாள் ஆகும் என்றால், அந்தப் பத்து நாளைத் தள்ளிக்கொடுப்பது இதுதான். சிலருடைய இரத்தத்தில், நோய் வருவதற்கு முன்பிருந்தே, இந்த இன்டர்ஃபெரானையே பிடித்து முடக்கும் ஆன்டிபாடி இருக்கிறது. அவர்களுக்கே தெரியாது, வேறு தொந்தரவும் இருக்காது. 2020-இல் ஷான்-லோரான் கஸனோவா என்ற ஆராய்ச்சியாளரின் குழு உயிருக்கு ஆபத்தான கொரோனா நிமோனியா வந்த 987 பேரைச் சோதித்தது. 101 பேரிடம் அது இருந்தது, அதில் 95 பேர் ஆண்கள். லேசாகவோ அறிகுறியே இல்லாமலோ வந்துபோன 663 பேரில் ஒருவரிடமும் இல்லை. ஆரோக்கியமான 1,227 பேரில் நான்கே பேர். அடுத்த வருஷம் இன்னும் விரிவாகப் பார்த்தபோது, 70 வயதுக்குமேல் இது சடசடவென்று கூடுவதும், கொரோனா மரணங்களில் சுமார் ஐந்தில் ஒன்றில் இது இருந்ததும் தெரிந்தது. ஃப்ளூவில் ஐசியு போன 70 வயதுக்கு உட்பட்டவர்களிலும் சுமார் 5 சதவீதத்தினரிடம் இதே ஆன்டிபாடி கிடைத்தது.

முன்கூட்டியே சொல்லும் ஆன்டிபாடி என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். நோய்க்கு முன்பே இருக்கிறது, காரணமாகவும் இருக்கிறது, ஒரு வைரஸோடு நிற்கவும் இல்லை. இப்படிப்பட்டவர் பிழைத்து வந்து இரண்டு மாதம் கழித்து லேபில் கை நீட்டினால் ஸ்பைக் ஆன்டிபாடி எக்கச்சக்கமாகக் காட்டலாம், வைரஸ் தடையில்லாமல் பெருகியிருக்குமே! ரிப்போர்ட்டைப் பார்த்து "பலே, நல்ல எதிர்ப்புச் சக்தி" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். உங்கள் அப்பச்சிக்கு இது இருந்ததா என்று உடனே கேட்பீர்கள். இருந்திருக்கலாம், ஆனால் 68 வயது, ஆண், சுகர் என்ற மூன்றுமே அவர் கதையை விளக்கப் போதும். இந்த டெஸ்ட் ஆராய்ச்சிக்கூட விஷயம், காரைக்குடியிலோ மதுரையிலோ சாதாரண லேபில் எழுதிக் கொடுத்துப் பார்க்கிற சமாச்சாரம் இல்லை.

ஆத்தாவின் 38-ஐப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள் போலிருக்கிறது. வேண்டாம். ஆன்டிபாடியே உற்பத்தி செய்ய முடியாத பிறவிக் குறைபாடு உள்ள இரண்டு பேர் 2020-இல் இத்தாலியில் கொரோனா நிமோனியா வந்து, ஐசியு போகாமலே குணமானார்கள். வைரஸ் புகுந்த செல்களைத் தேடி அழிக்கும் டி செல்கள் அவ்வளவு வேலை செய்கின்றன, அவை இந்த ரிப்போர்ட்டில் வராது. மூக்கிலும் தொண்டையிலும் காவல் நிற்கும் ஐஜிஏ ரக ஆன்டிபாடியும் வராது. மேலும், ஆத்தா 2021-க்குப் பிறகு ஊசியும் போட்டிருப்பார், ஒமைக்ரானும் ஒரு முறையாவது வந்துபோயிருக்கும். இன்றைக்கு எடுத்தால் அவருக்கும் 250-க்கு மேல்தான் காட்டும், அப்பச்சிக்கும் அதேதான், எதிர்வீட்டுக்காரருக்கும் அதேதான். 2021 ஜூன், ஜூலையிலேயே ஐசிஎம்ஆர் கணக்கெடுப்பில் நாட்டில் 67.6 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி இருந்தது. எல்லோருக்கும் பாசிட்டிவ் வரும் டெஸ்ட்டுக்குக் காசு கொடுப்பானேன்?

ஃப்ளூவுக்கு மட்டும் ஒரு பழைய அளவுகோல் உண்டு. 1:40 என்ற அளவில், அதாவது சீரத்தை 40 மடங்கு நீர்த்த பிறகும் வேலை செய்யுமளவுக்கு, ஆன்டிபாடி இருந்தால் தொற்று வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்று 1972 முதல் சொல்லி வருகிறார்கள். அது தடுப்பூசியைச் சோதிக்கும் கம்பெனிகளுக்கு உதவும். தொற்று வந்தபின் முற்றுமா என்பதை அது சொல்லாது, வருஷா வருஷம் வைரஸ் வேறு மாறிக்கொண்டே இருக்கிறது.

அப்படியானால் அடுத்த காய்ச்சலில் எதைப் பார்ப்பது? ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் பார்ப்பது வயது, சுகர், மூச்சு நிமிஷத்துக்கு எத்தனை, ஆக்சிஜன் அளவு, இரத்தத்தில் லிம்போசைட் என்ற வெள்ளையணு குறைகிறதா, அழற்சியைக் காட்டும் சிஆர்பி ஏறுகிறதா என்பவற்றை. எல்லாம் சாதாரண லேபில் அன்றைக்கே கிடைப்பவை. வீட்டில் பார்க்க ஒரு பல்ஸ் ஆக்சிமீட்டர் போதும். கை சூடாக இருக்கும்போது நடுவிரலில் மாட்டி, எண் ஒரு நிலைக்கு வரும்வரை ஒரு நிமிஷம் பொறுக்க வேண்டும். உட்கார்ந்த நிலையில் பார்த்துவிட்டு, தெம்பு இருந்தால் வளவுக்குள்ளேயே (வீட்டின் உள் முற்றத்தில்) ஆறு நிமிஷம் நடக்கச் சொல்லி மறுபடி பாருங்கள். உங்கள் வீட்டு வளவில் தூணைச் சுற்றி நடக்க இடத்துக்குப் பஞ்சமில்லை. உட்கார்ந்த நிலையிலேயே 94-க்குக் கீழே இருந்தால் நடக்கவெல்லாம் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிதான். நடந்தபின் 3 புள்ளிக்கு மேல் இறங்கினாலும் அப்படியே. வீடியோ காலில் மீட்டரைக் கேமராவுக்கு நேரே பிடிக்கச் சொல்லி நீங்களே படித்துக்கொள்ளுங்கள், "நல்லாத்தான் இருக்கேன்" என்ற பதிலை ஏற்காதீர்கள். கொரோனா என்றால் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை கவனம் கூட வேண்டும். அப்பச்சிக்கு ஒன்பதாம் நாள் வந்தது அந்தக் கணக்கில்தான். ஃப்ளூ என்றால் ஓசெல்டாமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்ல பலன், அதனால் நாலு நாள் கஷாயத்தில் ஓட்டிவிட்டுப் போகாமல் முதல் நாளே டாக்டரிடம் போகச் சொல்லுங்கள்.

ஸ்டீராய்டை மட்டும் மெடிக்கலில் வாங்கிப் போட விடாதீர்கள். டெக்ஸாமெத்தசோன் ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களின் உயிரைக் காத்தது, தேவைப்படாதவர்களுக்குப் பலன் தரவில்லை. சுகர்காரருக்கு அனாவசியமாகக் கொடுத்தால் சுகர் எகிறும். 2021-இல் கருப்புப் பூஞ்சை வந்தவர்களில் பலருடைய கதை அங்கேதான் ஆரம்பித்தது.

டெஸ்ட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் இருவருக்கும் ஃப்ளூ ஊசி போட்டுவிடுங்கள், ஐப்பசி மழை தொடங்குமுன், ஆவணி புரட்டாசியிலேயே. தமிழ்நாட்டில் ஃப்ளூ வடகிழக்குப் பருவமழையோடுதான் தலைதூக்கும். நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் ஊசி போட்டார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஃபைலில் ஆன்டிபாடித் தாள் இருக்கும் இடத்தில் ஒரே ஒரு தாள் வையுங்கள்: சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், அளவு, கடைசி எச்பிஏ1சி (மூன்று மாதச் சுகரின் சராசரி), ஊசி போட்ட தேதிகள், சாதாரண நாளில் இருவருடைய ஆக்சிஜன் அளவு. ராத்திரி இரண்டு மணிக்கு ஆத்தா தனியாக அப்பச்சியைக் கூட்டிக்கொண்டு போக நேர்ந்தால், கேஷுவல்டியில் இருக்கும் டாக்டர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.